தோல் இறுக்க நோயில் உள்ளுறுப்புப் பாதிப்பின் முன்னறிகுறிகள்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஸ்கிளீரோடெர்மா எனப்படும் தோல் இறுக்க நோயில் உயிரிழப்புக்குக் காரணமாவது தோலில் தெரியும் மாற்றம் அன்று. நுரையீரல், இதயம், சிறுநீரகம், உணவுப்பாதை ஆகியவற்றில் மறைவாக நிகழும் நார்ப்பெருக்கமும் குருதிக்குழல் சுருக்கமுமே. இம்மாற்றங்களின் தொடக்க அடையாளங்கள் காசநோய், தொழுநோய், இரத்தசோகை, வயதின் தளர்ச்சி ஆகியவற்றின் அடையாளங்களை ஒத்திருப்பதால் பிறழ உணரப்படுகின்றன. வயல்வேலையும் கருங்கல் குவாரிகளும் உள்ள விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இப்பிறழ்வு எங்கெங்கு நேரக்கூடும் என்பதையும், எந்த அடையாளத்தை எவ்வளவு விரைவில் மருத்துவரிடம் கொண்டுசேர்க்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஸ்கிளீரோடெர்மா, ரேனாட் நிகழ்வு, சிறுநீரக நெருக்கடி, நுரையீரல் நார்ப்பெருக்கம், சிலிக்கா தூசி, மருத்துவத் தமிழ், விழுப்புரம் மாவட்டம்

முன்னுரை

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 17 வயதுப் பெண் ஒருத்தியின் உடல்தோல் மரப்பட்டை போல் இறுகியதைக் கார்லோ கர்சியோ என்னும் மருத்துவர் 1753இல் பதிவுசெய்தார். 1847இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான்ட்ராக் இந்நோய்க்குக் கிரேக்க வேர்களைக் கொண்டு ஸ்கிளீரோடெர்மா என்னும் பெயரை வழங்கினார். ‘ஸ்கிளீரோஸ்’ என்றால் கடினம்; ‘டெர்மா’ என்றால் தோல். இதன் நேர்ப்பொருளே தமிழில் தோல் இறுக்கம், தோல் தடிப்பு என வழங்குகிறது. இது தோலோடு நில்லாமல் உடல் முழுதும் பரவும் நோய் என்பதைக் கேப் டவுனில் பணியாற்றிய கோட்ஸ் 1945இல் அழுத்தமாக எடுத்துரைத்தார். அதற்குப் பின்னரே ‘முறைமை சார்ந்த இறுக்கம்’ என்னும் பொருள்படும் பெயர் மருத்துவ நூல்களில் நிலைபெற்றது.

எனினும் தமிழ்ப் பெயர் 1847ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது எனலாம். தோல் நோய் என்று பெயரிடப்பட்ட ஒன்றுக்கு நோயாளர் தோல் மருத்துவரையே நாடுகிறார். மூச்சிரைப்புக்கு வேறொருவரையும் நெஞ்செரிச்சலுக்கு மற்றொருவரையும் காண்கிறார். மூன்று சீட்டுகளும் ஒரே மேசைக்கு வருவதில்லை. பெயர் நோக்கைத் திசைதிருப்பும் இந்நிலை மருத்துவத் தமிழில் ஈடுபடுவோர் கருதத்தக்கது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் சாமுவேல் பிஷ் கிரீன் மேற்கொண்ட பணிமுதல் இன்றுவரை மருத்துவத் தமிழ் என்பது பெரும்பாலும் கலைச்சொல்லாக்கமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. நோயாளர் தம் உடலைப் பற்றிச் சொல்லும் சொற்களை மருத்துவக் குறியாகப் படிக்கும் பணி அதன் மற்றொரு பாதியாகும்.

நோயின் இயங்குமுறை

இது தன்னெதிர்ப்பு நோய்களுள் ஒன்று. சிறு குருதிக்குழல்களின் உட்சுவர் சிதைதல், நோய் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்குதல், கொலாஜன் என்னும் நார்ப்புரதம் அளவின்றிப் படிதல் ஆகிய மூன்றும் இதில் பின்னிப் பிணைந்துள்ளன. பெண்களையே மிகுதியாகத் தாக்குகிறது. பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் வெளிப்படுகிறது. முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழும் முகத்திலும் மட்டும் தோல் இறுகுவது வரம்புடைய வகை. மேற்கை, தொடை, மார்பு, வயிறு எனப் பரவுவது பரவல் வகை. இப்பகுப்பு வெறும் வகைப்பாட்டு வசதிக்கானது அன்று. பரவல் வகையில் முதல் 3 முதல் 5 ஆண்டுகளுக்குள் சிறுநீரகமும் நுரையீரல் திசுவும் தாக்கப்படும் வாய்ப்பு மிகுதி. வரம்புடைய வகையில் பல ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தபின் நுரையீரல் தமனியில் அழுத்தம் உயரலாம். எனவே எவ்வகை, எத்தனையாவது ஆண்டு என்னும் இரு செய்திகளும் அடுத்து எவ்வுறுப்பைக் கண்காணிக்க வேண்டும் என்பதைச் சுட்டுகின்றன.

ஐரோப்பிய நாடுகளை மையமாகக் கொண்ட பன்னாட்டுப் பதிவேட்டின் அடிப்படையில் 2010இல் வெளிவந்த ஆய்வு, இந்நோயாளரின் இறப்புகளுள் 55 விழுக்காடு நேரடியாக இந்நோயினால் நேர்ந்தவை எனக் காட்டிற்று. அவற்றுள் 35 விழுக்காடு நுரையீரல் நார்ப்பெருக்கத்தாலும், 26 விழுக்காடு நுரையீரல் தமனி உயர் அழுத்தத்தாலும், மேலும் 26 விழுக்காடு இதயப் பாதிப்பாலும் நேர்ந்தவை. தோல் இப்பட்டியலில் இடம்பெறவில்லை.

கையில் தொடங்கும் செய்தி

குளிரிலோ மன அதிர்ச்சியிலோ விரல்கள் வெளுத்து, பின் நீலம் பாய்ந்து, பின் சிவந்து எரிவதை ரேனாட் நிகழ்வு என்பர். மோரிஸ் ரேனாட் 1862இல் தம் ஆய்வேட்டில் விளக்கியதால் இப்பெயர் பெற்றது. பெரும்பாலான நோயாளரிடம் முதலில் தோன்றுவது இதுவே. தோல் இறுகுவதற்குப் பல மாதங்கள், சிலரிடம் பல ஆண்டுகள் முன்னரே தோன்றிவிடுகிறது. பாடநூல்கள் பனிநாட்டு வெள்ளைத்தோலை மனத்திற்கொண்டு இதனை விவரிக்கின்றன. விழுப்புரத்து வெயிலில், கருநிறத் தோலில், அந்நிறமாற்றம் அவ்வளவு தெளிவாகப் புலப்படுவதில்லை. நோயாளரும் ‘விரல் வெளுக்கிறது’ என்று கூறுவதில்லை. ‘மரத்துப்போகிறது’, ‘மதமதவென்றிருக்கிறது’, ‘விரலில் உயிரே இல்லை’ என்றே கூறுவர். மார்கழி விடியலில் வாசல் தெளிக்கும்போது, நடவுக்குச் சேற்றில் கைவைக்கும்போது, குளிர்பதனப் பேருந்தில் செல்லும்போது இவ்வாறு நேர்கிறதா என வினவினால் விடை கிட்டும். உள்ளங்கைப் பக்கத்திலும் நகக்கண்ணிலும் நிறமாற்றத்தைக் காண்பது எளிது.

அடுத்த அடையாளம் வீக்கம். மோதிரம் கழலாமை, வளையல் ஏறாமை எனப் பெண்கள் இதனை முதலில் உணர்கின்றனர். ‘உடம்பு பூசியிருக்கிறது’ எனச் சுற்றத்தார் அதனைப் புறந்தள்ளுவதும் உண்டு. பின்னர் வீக்கம் வற்றித் தோல் பளபளத்து எலும்போடு ஒட்டுகிறது. இரு உள்ளங்கைகளும் இடைவெளியின்றிச் சேராமையால் கும்பிடும் கைகளுக்கிடையே வெளிச்சம் தெரியும். நெடுநாள் நீரிழிவு நோயாளரிடமும் இதே அடையாளம் காணப்படும் என்பதால் இதை மட்டும் கொண்டு முடிவுசெய்தல் ஆகாது. வாய் சுருங்குவதால் சோற்றுக் கவளம் சிறுத்துப்போகிறது. மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி வாயில் நுழைக்க இயலாமை எளிய சோதனை.

2013இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோயியல் அமைப்புகள் இணைந்து வகுத்த மதிப்பெண் முறையில் இவ்வடையாளங்கள் எண்களாக மாற்றப்பட்டுள்ளன. விரலடி மூட்டைத் தாண்டி இரு கைகளிலும் தோல் தடித்திருந்தால் அதுவொன்றே 9 மதிப்பெண். வகைப்படுத்தலுக்கு அதுவே போதுமானது. அவ்வாறு இல்லாதவிடத்து ரேனாட் நிகழ்வுக்கு 3, விரல்நுனிக் குழிவடுக்களுக்கு 3, தனித்த எதிர்ப்புரதங்களுக்கு 3, நகக்கண் நுண்குழல் மாற்றத்திற்கு 2 எனக் கூட்டி 9ஐ எட்டுகிறதா என நோக்குவர். கருநிறத் தோலில் உப்பும் மிளகும் தூவியது போன்ற நிறச்சிதைவு பரவலாகக் காணப்பட்டும் இம்முறையில் அதற்கு மதிப்பெண் இல்லை.

தொழுநோய் என்னும் ஐயம்

மடங்கிய விரல், நுனி தேய்ந்த விரல், ஆறாத புண், நிறம் மாறிய தோல் ஆகிய நான்கும் ஒருங்கே காணப்படும்போது இவ்வட்டாரத்து மக்கள் நினைவில் முதலில் எழுவது தொழுநோய். அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. திண்டிவனத்திற்கு வடக்கே பொலம்பாக்கத்தில் 1955இல் பெல்ஜிய மருத்துவர் பிரான்ஸ் ஹெமரிக்ஸ் தொடங்கிய தொழுநோய் மையம் மரத்தடி மருத்துவ முகாம்கள் வழியே சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்குச் சென்றது. செங்கல்பட்டை அடுத்த திருமணியிலும் மத்திய அரசின் தொழுநோய் நிறுவனம் அதே ஆண்டுமுதல் இயங்கி வருகிறது. இத்தகைய பணிகளால் கைகளைப் பார்த்து நோயை ஐயுறும் வழக்கம் சிற்றூர்வரை பரவிற்று. அவ்வழக்கம் நல்லதே, ஆயின் அது ஒரே நோயை நோக்கி மட்டும் பழக்கப்பட்டது.

வேறுபாடு காண்பது கடினமன்று. தொழுநோயில் தேமலிலும் புண்ணிலும் உணர்ச்சி குன்றும். முழங்கை உட்புறத்தில் நரம்பு தடித்திருக்கும். தோல் இறுக்க நோயில் உணர்ச்சி மாறுவதில்லை. விரல்நுனிப் புண் கடுமையாக வலிக்கும். பஞ்சு நுனியால் தொட்டுப் பார்த்தலே முதல் பிரிகோடு. வலியால் இரவில் உறக்கம் கெடுகிறது எனக் கூறுபவரைத் தொழுநோய் ஐயத்தோடு அலைக்கழித்தல் மருத்துவப் பிழையோடு சமூகக் கொடுமையுமாகும். விரல்நுனி கறுத்துக் காய்ந்தால் அது குருதியோட்டம் நின்றதன் அடையாளம். அன்றே மருத்துவமனை சேர வேண்டும். பீடி, சிகரெட் புகை இப்பாதிப்பை மிகுவிக்கும்.

நுரையீரல்: வறட்டு இருமலும் படியேறும் மூச்சும்

நுரையீரல் இடைத்திசுவில் நார் படியும்போது தோன்றும் அடையாளங்கள் இரண்டே: சளியற்ற வறட்டு இருமல், உழைக்கும்போது மூச்சு வாங்குதல். இவ்விரண்டும் காசநோயை நினைவூட்டுவதால் சளிச் சோதனைக்கு அனுப்புதல் முறையே. சிக்கல் எழுவது சளியில் கிருமி இல்லை என முடிவு வந்தபின். மார்புப் படத்தில் நிழல் தெரிகிறது என்னும் ஒரே காரணத்தால் காசநோய் மருந்து தொடரப்பட்டால் ஆறு மாதம் கழிகிறது. அதற்குள் படிந்த நாரைக் கரைக்கும் மருந்து இல்லை. காய்ச்சலோ இரவு வியர்வையோ இன்றி இருமுபவரின் முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், மூச்சை உள்ளிழுக்கும் முடிவில் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற ஒலி கேட்கும். அவ்வொலி கேட்டவிடத்து விரல்களைப் பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் மார்பு எக்ஸ்-ரே இயல்பாகவே இருக்கக்கூடும். ஆதலால் நோய் உறுதியானவுடன் உயர் துல்லிய சி.டி. படமும் மூச்சுக்கொள்ளளவுச் சோதனையும் எடுத்து வைத்தல் உலகெங்கும் பின்பற்றப்படும் நடைமுறை. பின்வரும் அளவுகளை ஒப்பிட முதல் அளவு தேவை. சைக்ளோபாஸ்பமைடு சிறிதளவேனும் பயன்தரும் என 2006இலும், மைகோபீனோலேட் அதற்கு நிகரான பயனைக் குறைந்த நச்சுத்தன்மையோடு தரும் என 2016இலும், நின்டெடானிப் நுரையீரற் கொள்ளளவின் சரிவை மெதுவாக்கும் என 2019இலும் மருந்தாய்வுகள் காட்டின. மூன்றும் எஞ்சியிருப்பதைக் காப்பனவே. இழந்ததை மீட்பன அல்ல.

இங்கு ஒரு கருவிப் பிழையைச் சுட்டுதல் வேண்டும். கொரோனா காலத்திற்குப் பின் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டுமின்றிப் பல வீடுகளிலும் உள்ளது. இந்நோயாளரின் விரல்களில் குருதியோட்டம் குன்றியிருப்பதால் அக்கருவி பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டலாம், அல்லது எண்ணே காட்டாமற் போகலாம். காதுமடலிலோ நெற்றியிலோ அதற்குரிய உணரியைக் கொண்டு அளத்தல் நம்பகமானது.

நுரையீரல் தமனியில் அழுத்தம் உயர்தல் வேறொரு வகை மூச்சிரைப்பு. இதில் இருமலோ நுரையீரலில் ஒலியோ இராது, சி.டி. படமும் பெரிதும் இயல்பாக இருக்கலாம். மூச்சு மட்டும் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். கால் வீக்கமும் எழுந்து நிற்கும்போது மயக்கமும் தோன்றினால் நோய் முதிர்ந்துவிட்டது என்று பொருள். ஆகவே அறிகுறி ஏதும் இல்லாத நோயாளருக்கும் ஆண்டுக்கொருமுறை எக்கோ பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. ஐயம் எழுமிடத்து வலப்பக்க இதயத்தில் நுண்குழாய் செலுத்தி அழுத்தத்தை அளந்தே உறுதிசெய்வர்.

சிறுநீரக நெருக்கடி

உள்ளுறுப்புப் பாதிப்புகளுள் மிக விரைவானது இது. மிகத் தெளிவான மருந்தும் இதற்கே உண்டு. ஆகையால் இங்கு நேரும் தாமதமே மிகப் பெரிய இழப்பு. சிறுநீரகத்தின் சிறு தமனிகள் தடித்துச் சுருங்க, ரெனின் என்னும் சுரப்பு பெருகி, இரத்த அழுத்தம் சில நாள்களில் ஏறுகிறது. அவ்வழுத்தம் சிறுநீரகத்தை மேலும் சிதைக்கிறது. 1970களின் இறுதிவரை இந்நிலையை அடைந்தோருள் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்தனர். 1979இல் கேப்டோபிரில் என்னும் ஏ.சி.இ. தடுப்பு மருந்து பயனளித்தமை வெளியானபின் நிலைமை மாறிற்று. பிட்ஸ்பர்க் மருத்துவர் ஸ்டீனும் குழுவினரும் 1990இல் வெளியிட்ட 108 நோயாளர் பற்றிய ஆய்வில், இம்மருந்து பெற்றோருள் 76 விழுக்காட்டினர் ஓராண்டைக் கடந்தனர். பெறாதவருள் 15 விழுக்காட்டினரே கடந்தனர். மருத்துவ வரலாற்றில் ஒரே மாத்திரை இவ்வளவு இடைவெளியை உண்டாக்கிய நிகழ்வுகள் அரியன.

கடுந்தலைவலி, பார்வை மங்கல், நுரைத்த சிறுநீர், சிறுநீர் குறைதல், திடீர் மூச்சுத்திணறல், வலிப்பு ஆகியன இதன் அடையாளங்கள். இவையெல்லாம் தோன்றும்வரை காத்திருப்பது தாமதமே. அழுத்த அளவே முதல் எச்சரிக்கை. அதிலும் ஒரு நுட்பம் உள்ளது. பொதுவாக 140/90ஐக் கடந்தால் உயர் இரத்த அழுத்தம் எனக் கொள்வர். எப்போதும் 100/70 உள்ள மெலிந்த பெண்ணுக்கு 132/92 எனக் காட்டினால் அட்டையில் அது ‘சற்றே மிகுதி’ எனக் கடந்துபோகும். தோல் இறுக்க நோயாளரிடம் அதே எண் அபாயமணி. மேலளவில் 30, கீழளவில் 20 ஏறினால், மொத்த அளவு எதுவாயினும், அன்றே கிரியேட்டினின் சோதனை தேவை. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அழுத்தம் ஏறாமலேயே இந்நெருக்கடி நேர்வதும் உண்டு என்பதால் சிறுநீர் குறைவதைத் தனியே கருத வேண்டும்.

5 ஆகஸ்ட் 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதேடிச் சென்று இரத்த அழுத்தம் அளக்கின்றனர். தோல் இறுக்க நோயாளரின் வழக்கமான அளவு அவர்கள் கையேட்டில் முன்னரே எழுதப்பட்டிருப்பின், இந்நெருக்கடியைச் சிற்றூரிலேயே முதல் நாளில் கண்டறிய இத்திட்டம் போதும். புதிய கருவியோ பணியாளரோ வேண்டா. ஒரு வரிக் குறிப்பு வேண்டும்.

நெருக்கடியைத் தூண்டுவனவற்றுள் ஸ்டீராய்டு முதன்மையானது. நாளொன்றுக்கு 15 மில்லிகிராமும் அதற்கு மேலும் பிரெட்னிசோலோன் உட்கொள்வோரிடம் இவ்வாபத்து மிகுதி. மூட்டுவலிக்கென உள்ளூரில் போடப்படும் ஊசியிலும், பெயர் தெரியாத பொட்டலப் பொடியிலும் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. அவை வலியை ஒரே நாளில் தணிப்பதாலேயே மக்கள் மீண்டும் மீண்டும் நாடுகின்றனர். தோல் விரைவாகப் பரவி இறுகுவோரும், ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் மூன்று என்னும் நொதிக்கு எதிரான புரதம் உடையோரும் தனிக்கவனம் பெறத்தக்கவர். நெருக்கடி வருமுன் தடுப்பாக ஏ.சி.இ. மருந்தைத் தருதல் பயனற்றது என்பதும், நெருக்கடி வந்தபின் கிரியேட்டினின் ஏறினாலும் அம்மருந்தை நிறுத்தலாகாது என்பதும் பொது வழக்கத்திற்கு மாறானவை. பொது மருத்துவர் தயங்குமிடமும் இதுவே. டயாலிசிஸ் தொடங்கியவருள்ளும் சிலர் ஒன்றரை ஆண்டுவரை கழித்து மீள்கின்றனர்.

இதயமும் உணவுப்பாதையும்

படபடப்பு, மயங்கி விழுதல், படுத்தால் மூச்சடைப்பு ஆகியன இதயத்தசையும் உறையும் தாக்கப்பட்டதன் அடையாளங்கள், ஈ.சி.ஜி.யும் எக்கோவும் உடனே தேவை. உணவுப்பாதை பத்தில் ஒன்பது பேரிடம் பாதிக்கப்படுகிறது. நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, சோறு நெஞ்சில் நிற்றல் ஆகியவற்றை ‘வாயு’ என ஒதுக்குவர். இரவில் எதுக்களித்த அமிலம் மூச்சுக்குழலுள் இறங்குவது நுரையீரலையும் கெடுக்கக்கூடும். வயிறு உப்பி, மலம் இளகி, எடை குறைந்தால் சிறுகுடல் அசைவு தளர்ந்து கிருமி பெருகியதை ஐயுற வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்குக் கட்டுப்படாத இரத்தசோகைக்கு இரைப்பையின் உட்படலத்திலிருந்து கசியும் குருதி காரணமாகலாம். புதிதாகத் தோன்றிய இரத்தசோகை சிறுநீரக நெருக்கடிக்கு முன்னோடியாகவும் அமையலாம். பெண்களின் இரத்தசோகை இயல்பானது என எண்ணும் சூழலில் இவ்வடையாளம் எளிதில் தொலைந்துபோகிறது.

கருங்கல் தூசி

இந்நோய் பெண்களுக்கே உரியது என்னும் எண்ணம் கல்லுடைக்கும் ஆண்களை மறைத்துவிடுகிறது. எடின்பரோவின் கல்தச்சரிடையே இந்நோய் மிகுந்திருப்பதைப் பிராம்வெல் 1914இல் குறிப்பிட்டார். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே இதனை 1957இல் எராஸ்மஸ் விரிவாகப் பதிவுசெய்தார். சிலிக்கா தூசியோடு சேர்ந்த தோல் இறுக்க நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. விழுப்புரம் மாவட்டத்தில் கல்மரப் பூங்காவால் அறியப்பட்ட திருவக்கரைச் சுற்றுப்புறத்திலும், திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் பகுதியிலும் கருங்கல் குவாரிகளும் ஜல்லி உடைக்கும் கிரஷர்களும் உள்ளன. அறிவிக்கத்தக்க நோயான சிலிகோசிஸுக்கு மார்புப் படம் எடுக்கப்படும் தொழிலாளியிடம் ‘குளிரில் விரல் மரக்கிறதா’ என ஒரு கேள்வியும் கேட்கப்படுதல் வேண்டும். துளையிடும் கருவியின் அதிர்வாலும் விரல் வெளுக்கும் என்பதால் தோல் தடிப்பையும் எதிர்ப்புரதச் சோதனையையும் கொண்டே பிரித்தறிய இயலும். பழைய தூசி காசநோய் வாய்ப்பையும் பெருக்குவதால் ஒரே ஆளிடம் மூன்றும் இணைந்திருக்கக்கூடும்.

கேட்கும் முறையும் செல்லும் வழியும்

முண்டியம்பாக்கத்தில் 2010முதல் இயங்கும் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே நெடுஞ்சாலையோரம் உள்ளது. இரு ஊர்களிலிருந்தும் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மரில் இந்நோய்களுக்கெனவே மருத்துவ எதிர்ப்பாற்றலியல் துறை உள்ளது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் வாதநோயியல் பிரிவு உண்டு. ஆகவே தொலைவு இங்கு முதன்மைத் தடையன்று. எத்துறைக்குச் செல்வது என அறியாமையே தடை.

‘மூச்சு வாங்குகிறதா’ எனக் கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றே விடையிறுப்பர். மூச்சு வாங்கும் வேலைகளை அவர்கள் முன்னரே விட்டிருப்பர். ‘போன பொங்கலுக்குத் தூக்கிய தண்ணீர்க் குடத்தை இப்போது தூக்குகிறீர்களா’, ‘பேருந்து நிலையத்திலிருந்து வீடுவரை எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள்’, ‘அதை யார் செய்கிறார்கள் இப்போது’ என வேலையை முன்வைத்துக் கேட்கும்போது இழப்பு வெளிப்படுகிறது. நோயாளர் தம்முடன் வைத்திருக்கத்தக்க சிறு குறிப்பேட்டில் நோய் தொடங்கிய ஆண்டு, வகை, எதிர்ப்புரதத்தின் பெயர், வழக்கமான இரத்த அழுத்தம், கடைசி மூச்சுச் சோதனை அளவு, கடைசி எக்கோ நாள், ‘மருத்துவர் அறியாமல் ஸ்டீராய்டு தரற்க’ என்னும் வரி ஆகியன இடம்பெற்றால், நள்ளிரவில் எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் பணிமருத்துவர் அதனை ஒரு நிமிடத்தில் படிக்கலாம். விரல் மடங்கி எழுத இயலாதவருக்கு வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளை எழுதித் தரலாம். அழுத்தம் அளந்த நாளும் எண்ணும் மட்டும் அதன் கடைசிப் பக்கங்களில் தொடர்ந்து ஏறிவர வேண்டும்.